பெரிய ஆபரேஷனுக்கு ஒரு சிபாரிசு

எனக்கு முன்கோபம் அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். பின்னே, நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி தெரிந்தால் போதும், அது பாட்டுக்கு அடுத்த தெருவில் திரும்பப் போகிற லாரியாக இருந்தாலும் என் கால் அழுத்திவிடும். என்னிடம் கற்றுக்கொள்ளும் மருந்துக்கடை அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார், ஒரு தடவையாவது என் காலால் வண்டியை நிறுத்த விடுவீர்களா என்று. உங்கள் காலை நம்பி என் உயிரை அடகு வைக்க முடியாது என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்ட எனக்கு, என் உடம்புக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை. மாதவிலக்கு முடிந்த பிறகும் இரண்டொரு சொட்டு ரத்தம் படும். வெயிலில் வண்டிக்குள்ளேயே கிடக்கிறோம், சூடு பிடித்திருக்கும் என்று நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். கணவரோடு சேர்ந்த பிறகும் பட்டபோதுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். துளி சதை எடுத்தார்கள். பிறகு மயக்கம் கொடுத்துக் கொஞ்சம் பெரிதாக எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் எடுத்த பிறகு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள்.

ஆபரேஷன் செய்யும் டாக்டர் ஒரு குள்ளமான பெண்மணி. சத்தமாகப் பேசத் தெரியாதவர். கவிழ்த்து வைத்த பாட்டில் மாதிரி ஒரு படம் போட்டார். பாட்டிலின் வாயில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அதுதான் நான், அதாவது என் நோய். பிறகு பாட்டிலைச் சுற்றி நெருக்கமாக ஒரு வட்டம், அதற்கு வெளியே இன்னொரு பெரிய வட்டம். சின்ன வட்டம் சின்ன ஆபரேஷன். கர்ப்பப்பையை வாயோடு எடுத்துவிட்டு, நோய் பரவினால் முதலில் போய்த் தங்கும் இடுப்பு நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதிப்பார்கள். பெரிய வட்டம் பெரிய ஆபரேஷன். அதில் இரண்டு பக்கத்துச் சதையையும் சேர்த்து வழித்து எடுக்க வேண்டும். மூத்திரப்பைக்குப் போகும் நரம்புகள் அந்தச் சதைக்குள்தான் ஓடுகின்றன.

"அதுல கை வச்சா, ஒண்ணுக்கு வருதுங்கற உணர்ச்சியே சில பேருக்கு மாசக்கணக்குல இருக்காது. சில பேருக்கு அப்புறமும் முழுசாத் திரும்பாது" என்றார் டாக்டர். முன்பெல்லாம் எல்லோருக்கும் பெரியதுதான் செய்தார்களாம். இப்போது, யாருக்குச் சின்னதே போதும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறதாம். அதற்கு நாலு கேள்வி. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா? ஆழமாக இறங்காமல் இருக்கிறதா? ஸ்கேனில் வேறு எங்கும் பரவாமல் இருக்கிறதா? சதைக்குள் ஓடும் மெல்லிய குழாய்களுக்குள் நோய் நுழையாமல் இருக்கிறதா? எனக்கு முதல் மூன்றுக்கும் நல்ல பதில். நாலாவதில் சந்தேகம். எடுத்த சதையை ஸ்லைடில் வைத்துப் பார்த்தவர் ஓர் இடத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். வேறு சாயம் போட்டு, வேறொருவரும் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்த வாரம் நான் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, ஆனால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். மருந்துக்கடை அம்மா ஒன்றுமில்லாத தெருவில் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று தடவை பிரேக் அடித்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டி, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பதில் சொல்லும் நாளில் டாக்டர் அறைக்கு வெளியே நாற்காலிகளை ஒன்றோடு ஒன்று கம்பியால் பிணைத்திருந்தார்கள். ஒருத்தர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடும். என் பக்கத்தில் ஒருத்தி ஆட்டிக்கொண்டே இருந்தாள். கடுப்போடு திரும்பிப் பார்த்தேன். செக்யூரிட்டி யூனிஃபார்ம், தோளில் விசில் கயிறு, மடியில் தொப்பி. பெரிய ஷாப்பிங் மாலில் வாசல் காவல், வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள், என் வயதுதான். காலை ஆட்டாதீர்கள் என்றேன். "ஆட்டலைன்னா அழுதுடுவேன், பரவாயில்லையா?" என்றாள். அவளுக்கும் நாலாவது கேள்விதான் பாக்கி.

அவள் பேசப் பேச எனக்குச் சிரிப்பு வந்தது. வாசலில் நின்றபடியே நாள் போகுமாம். மாற்று ஆள் வந்தால்தான் பாத்ரூம், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். "யாரு உள்ள போறா, யாரு வெளிய வர்றான்னு பாக்கறதுதான் என் வேலை. என் உடம்புக்குள்ளயே ஒருத்தன் பூந்திருக்கான், எனக்குத் தெரியல பாரு" என்றாள். அதற்குள் அவளுக்கு நான் டிரைவரம்மா, எனக்கு அவள் செக்யூரிட்டி. உள்ளே போய் வந்த பிறகு கேன்டீனில் ஏதாவது குடிக்கலாம் என்று பேசிக்கொண்டோம்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவள் தொப்பியைத் தலையில் வைத்தாள், எடுத்தாள், திரும்ப வைத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவே எனக்குப் பயமாக இருந்தது.

"கேட்டைத் தாண்டிடுச்சாம்" என்றாள். "குழாய்க்குள்ள இருக்காம். எனக்குப் பெரிசுதான்."

கேன்டீன் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவள் நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

எனக்கு நல்ல பதில் வந்தது. இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள், குழாய்களில் ஒன்றும் இல்லை. சின்ன ஆபரேஷனே போதும் என்றார் டாக்டர். உயிர் போய் உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் அந்தப் 'போதும்' என்ற வார்த்தை படி இறங்கும்போதே உறுத்த ஆரம்பித்தது. திரும்பவும் மேலே ஏறிப் போய் நிச்சயமாகத்தானா என்று கேட்டேன். டாக்டர் கோபப்படவில்லை. நிச்சயம் என்ற வார்த்தையை அவர் யாரிடமும் சொல்வதில்லையாம். என்னைப் போலச் சின்னதாக, மேலோட்டமாக இருப்பவர்களுக்குப் பெரியது செய்தாலும் சின்னது செய்தாலும், நோய் திரும்புவது ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கிறதாம். இரண்டிலும் ஒரு சிலருக்குத் திரும்புமாம்.

அந்த ஒரு சிலரில் நான் இருந்தால்? வீடு போய்ச் சேரும்வரை இதுதான் மண்டைக்குள் ஓடியது.

வீட்டில் அக்கா காத்திருந்தாள். எனக்கு முன்னால் பிறந்தவள், எனக்கும் சேர்த்து முடிவெடுப்பவள். முட்டை மொத்த வியாபாரம் அவளுக்கு. நகரத்தில் பாதி வீட்டுச் சமையலறையில் அவள் முட்டைதான் இருக்கும், பாதிப் பேரின் ரகசியம் அவள் வாயில் இருக்கும். சின்ன ஆபரேஷன் என்று நான் சொன்னதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். கட்டணச் சீட்டில் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்று கேட்டாள். பொதுப் பிரிவு என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

"அதானே பாத்தேன். நம்மள மாதிரி ஆளுன்னா அரைகுறையாத் தைச்சு அனுப்பிடுவாங்க. இதே ஒரு பெரிய வீட்டுப் பொம்பளையா இருந்தா மொத்தமா வழிச்சு எடுத்திருக்க மாட்டாங்க?"

அப்படியில்லை, நாலு கேள்வி இருக்கிறது என்று படம் போட்டெல்லாம் விளக்கினேன். என் வட்டம் கோணல்மாணலாக வந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, இந்த இடைவெளியில் ஒரு துளி ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நானேதான் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேசினால் கூலி பிடித்துக்கொள்வார்களோ என்கிற மாதிரி பேசுவார். நாங்கள் கத்தி முடிக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கு நீ இருந்தா போதும். எப்படி இருந்தாலும் சரி" என்றார். மனிதர் அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. மூத்திர ட்யூப் மாட்டிக்கொண்டு, பை தொங்கவிட்டுக்கொண்டு, ஒன்றுக்கு வருவதே தெரியாமல் வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் சரியா என்று கத்தினேன். அதற்கும் தலையாட்டினார்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பே அட்மிட் ஆகச் சொல்லியிருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் முதலாளி வண்டியைக் கொடுத்தார், கணவர் ஓட்டினார். எனக்கு என் வழக்கமான இடம்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எத்தனை தடவை என் காலடி பிரேக்கை அழுத்தினேன் என்று கணக்கில்லை. பின்னால் வந்த பஸ்காரன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். "வண்டியை ஓட்டறது நானா, நீயா?" என்று மட்டும் கேட்டார் கணவர்.

அட்மிட் ஆன கொஞ்ச நேரத்திலேயே டாக்டர் தன் அறைக்கு வரச்சொன்னார். கதவைச் சாத்திவிட்டு, என் அக்கா முட்டை வியாபாரமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி டைரக்டர் வீட்டுக்கு அவள்தான் முட்டை போடுகிறாள். டைரக்டரின் மனைவியைப் பிடித்து அழுதிருக்கிறாள். டைரக்டர் டாக்டருக்கு போன் போட்டிருக்கிறார். தெரிந்தவர் வீட்டுப் பெண், பெரிய ஆபரேஷனாகவே செய்துவிடுங்கள், செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்று சொன்னாராம்.

"சீக்கிரம் பண்ணுங்க, நல்லா பண்ணுங்கன்னு சிபாரிசு வரும். பெரிசா வெட்டுங்கன்னு சிபாரிசு வந்தது இதுதான் முதல் தடவை" என்றார் டாக்டர். அவர் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. "அவர் சொல்றதுக்காக நான் பண்ண மாட்டேன். நீங்களா யோசிச்சுக் கேட்டா, பேசலாம். உங்களுக்கு என்ன வேணும்?"

அக்காவை நினைத்து மானம் போனது. கூடவே, வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஒரு ஆறுதலும் வந்தது. முடிவு தானாக வந்து மடியில் விழுந்த மாதிரி. பிரேக் எப்போதும் முன்னாலேயே அடிப்பதுதானே என் பழக்கம். பெரியதே செய்துவிடுங்கள் என்றேன்.

டாக்டர் எதையும் எழுதவில்லை. என் ஸ்லைடைப் பற்றித் திரும்பச் சொன்னார், நரம்புகளைப் பற்றித் திரும்பச் சொன்னார். நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும்போது கேட்பேன், அப்போதும் இதையே சொன்னால் அப்புறம் பேசுவோம் என்று அனுப்பிவிட்டார்.

வார்டுக்கு வந்தால், எனக்குக் கொடுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் செக்யூரிட்டி. யூனிஃபார்ம் இல்லாமல் பாதி ஆளாகத் தெரிந்தாள். பெரிய ஆபரேஷன் முடிந்து, ட்யூபோடு வீட்டுக்குப் போய், இப்போது அதை எடுத்துப் பார்ப்பதற்காகத் திரும்ப வந்திருக்கிறாள். காலையில்தான் எடுத்தார்களாம். என்னைப் பார்த்ததும், "வா டிரைவரம்மா, வண்டி பஞ்சரா?" என்றாள். பழைய ஆள் கிடைத்துவிட்டாள் என்று சந்தோஷமாக இருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போனில் அலாரம் அடித்தது. மெதுவாக எழுந்தாள். அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். போனவள் வர வெகு நேரமாயிற்று. அவசரமாக வந்ததா என்று கேட்டேன். அவசரமா, அந்த வார்த்தையே மறந்துபோச்சு என்றாள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அலாரம் வைத்திருக்கிறாள். வருகிறதோ இல்லையோ போய் உட்கார வேண்டும், குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும், வயிற்றை அழுத்த வேண்டும். உள்ளே நிரம்பியிருக்கிறதா, காலியா என்று அவளுக்கே தெரியவில்லை. "வேலையிலயும் மணி பாத்துதானே போவேன். பழகினதுதான்" என்று சிரித்தாள். நர்ஸ் வந்து வயிற்றில் சின்ன ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். மூத்திரம் பாதிக்கு மேல் உள்ளேயே நிற்கிறது, இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் ட்யூப்தான் என்றார். செக்யூரிட்டியின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் வாயைத் திறந்தேன். நானும் பெரியதுதான் கேட்டிருக்கிறேன், இரண்டு பேரும் ஒன்றாக அலாரம் வைத்துக்கொள்ளலாம் என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் உள்ள பூந்துடுச்சா?"

"இல்ல. சுத்தமாதான் இருக்காம். சின்னதே போதும்னாங்க. ஆனாலும் ஒரு பயம். அக்கா வேற சிபாரிசு புடிச்சு..."

"எனக்கு அந்த ஸ்லைடுல கடுகளவு இருந்துச்சு" என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "அந்தக் கடுகுக்காக நான் இதைக் குடுத்தேன். குடுத்துதான் ஆகணும், குடுத்தேன். நீ எதுக்குக் குடுக்கற?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைத் தூக்கித் தடுத்தாள், வாசலில் வண்டியை நிறுத்துவது போல.

"எனக்கு வராத சீட்டு உனக்கு வந்திருக்கு. அதைக் கிழிச்சுப் போட்டுட்டு எங்கிட்ட வந்து தைரியம் சொல்லாத. எனக்கு வயிறு எரியுது."

சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அடுத்த அலாரம் அடித்தபோது என்னைப் பார்க்காமல் போனாள், என்னைப் பார்க்காமல் வந்தாள். நர்ஸ் திரும்ப ட்யூப் போட்டுவிட்டு, இன்னும் சில நாள் வார்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். திரைக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது.

நான் படுத்தபடி பயந்துகொண்டிருந்தேன். இதுவரை ஒரு பயம்தான் என்று நினைத்திருந்தேன், செத்துப்போவேன் என்ற பயம். இப்போது இரண்டு. சின்னது செய்து, அந்த இடைவெளியில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்து, பள்ளிக்கூடம் போகும் என் மகளுக்குக் கல்யாணம் காட்சி எதையும் பார்க்காமல் போய்ச் சேர்ந்தால்? பெரியது செய்து, வெட்டி எறிந்த சதையில் ஒன்றுமே இல்லையென்று சொல்லிவிட்டு, நான் காலமெல்லாம் அலாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? எது பெரிய பயம் என்று எடைபோடப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. பெரியதைக் கேட்டது நோய்க்காக இல்லை, என் பயத்துக்காக. பயத்துக்கு மருந்தாக நரம்பை வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

காலையில் அக்கா ஃப்ளாஸ்க்கோடு வந்தாள். சாதித்துவிட்ட முகம். கணவரும் வந்தார். டாக்டர் வந்து, என்ன முடிவு என்று கேட்டார்.

"சின்னதே பண்ணுங்க" என்றேன்.

அக்கா ஃப்ளாஸ்க்கை மேசையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்தது. எத்தனை பேர் காலில் விழுந்து வாங்கியிருக்கிறேன் தெரியுமா என்றாள். நாளைக்கு உனக்கு ஒன்று என்றால் நான் யாரிடம் போய் நிற்பேன் என்றாள். அப்புறம் அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. என் அக்கா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. டைரக்டர் வீட்டில் அழுதது கூட வேஷம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எனக்கு மட்டும் பயம் இல்லையா, அக்கா?" என்றேன். "ரெண்டுக்கும்தான் பயப்படறேன். ஆனா நாலு கேள்விக்கும் எனக்கு நல்ல பதில் வந்திருக்கு. அப்படி வராதவ பக்கத்துக் கட்டில்ல இருக்கா. என்னால அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு அந்த நல்ல பதிலை வேணாம்னு சொல்ல முடியல."

டாக்டர் சரி என்று தலையசைத்தார். நல்ல முடிவு என்றெல்லாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எடுத்ததையெல்லாம் சோதித்த பிறகுதான் கடைசி வார்த்தை, அதில் வேறு மாதிரி வந்தால் மேற்கொண்டு வைத்தியம் தேவைப்படலாம் என்றும் சொல்லிவைத்தார். கணவர் என் கால் பக்கம் நின்று போர்வையைச் சரிசெய்தார்.

மறுநாள் ஆபரேஷன் மேசையில் படுத்தபோது முகத்துக்கு மேலே விளக்கு. பெரியது என்று இப்போது சொன்னாலும் செய்வார்களோ என்று ஒரு கணம் வாய் வரை வந்துவிட்டது. என் வலது கால் மேசையை அழுத்திக்கொண்டிருந்தது. மயக்கம் கொடுப்பவர் காலைத் தளர்த்திக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

ஆபரேஷன் முடிந்த அடுத்த நாள் என் ட்யூபை எடுத்தார்கள். வந்தால் சொல்லுங்கள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டார். வந்தால்! தண்ணீர் குடித்தேன். இன்னும் குடித்தேன். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தையல் வலித்தது, வாயு வலித்தது, நான் தேடிய அது மட்டும் இல்லை. சின்னதிலும் கை தவறி நரம்பைத் தொட்டிருப்பார்களோ? பக்கத்துக் கட்டிலில் செக்யூரிட்டி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அந்தச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை.

பிறகு வந்தது. முதலில் கூச்சம் மாதிரி, சந்தேகம் மாதிரி. அப்புறம் சந்தேகமே இல்லை. சின்ன வயதிலிருந்து நாளுக்கு எத்தனையோ தடவை வந்து, ஒரு தடவைகூட நான் மதிக்காத அது. நர்ஸைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன். போய்விட்டு வந்தபோது என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷத்தை அவள் எதிரில் காட்டுவது பாவமாக இருந்தது.

"வந்துச்சா?" என்று அவள்தான் கேட்டாள்.

"வந்துச்சு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே, "சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு, குதிரை மாதிரி" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குத் தையல் இழுத்தது, அவளுக்கும் இழுத்திருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு நின்றதும் அவள் அழுதாள். நான் என் கட்டிலிலிருந்து கையை நீட்டினேன். எட்டவில்லை. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ரிசல்ட் வரும் நாளில் திரும்பவும் அதே ஆடும் நாற்காலி. இந்தத் தடவை காலை ஆட்டியது நான். வீட்டிலிருந்து கிளம்பும்போதே அக்கா என்னைப் பார்க்காமல், நல்லதாகவே வரும் என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். டாக்டர் காகிதத்தைப் படிக்கும்போது அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை. வெட்டிய ஓரங்களில் ஒன்றும் இல்லை. மேற்கொண்டு வைத்தியம் வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், வருடக்கணக்காக. அப்படியென்றால் திரும்பலாமா என்றேன். திரும்பாதென்று சொல்ல மாட்டேன், திரும்பினால் சீக்கிரம் பிடிப்பதற்குத்தான் வரச்சொல்கிறேன் என்றார். என் கணவர் டாக்டரைக் கும்பிட்டார். நான் கும்பிட மறந்துவிட்டேன்.

வீடு திரும்பும் வழியில் கணவர் டிரைவிங் ஸ்கூல் வண்டியை ஓட்டினார். மூக்கை அடிக்கடி துடைத்துக்கொண்டார். எதிரே லாரிகள் வந்தன, போயின. "நிறுத்துங்க" என்றேன். மனிதர் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். ரத்தமா, வலியா, ஆஸ்பத்திரிக்கே திருப்பட்டுமா என்று அந்த ஒரு நிமிடத்தில் அவர் பேசியது ஒரு மாதப் பேச்சு.

"ஒண்ணுக்கு வருதுங்க. அவசரம்."

ஒரு பெட்ரோல் பங்க்கில் திருப்பி நிறுத்தினார். அழுக்குப் பிடித்த கழிப்பறை, தாழ்ப்பாள் இல்லாத கதவு. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுந்ததும் குனிந்து ரத்தம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. இனி ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் குனிந்து பார்ப்பேன் என்று தெரிந்தது.

அங்கேயே போன் அடித்தது. செக்யூரிட்டி.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்லையாம். சுத்தமாம்." சொல்லும்போதே குற்றம் செய்தவள் மாதிரி குரல் தாழ்ந்துபோனது. "உனக்கு?"

"திரும்பவும் பாத்துட்டு நேத்துதான் சொன்னாங்க, நெறிக்கட்டியில இருக்காம். அடுத்த மாசத்துலேர்ந்து கரண்டு வைக்கணுமாம், ரேடியேஷன். தினமும் போகணும். ட்யூப எடுத்துட்டாங்க, உணர்ச்சிதான் இன்னும் வரல, பஸ்ல போக பயமா இருக்கு, டிரைவரம்மா. நடுவழியில நனைஞ்சு போச்சுன்னா எனக்கே தெரியாது."

அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டது அப்போதுதான். கதவை விட்டுவிட்டேன், அது தானாகத் திறந்துகொண்டது. வெளியே என் கணவர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அடுத்த மாசம் நான் ஓட்டலாம்னு சொல்லிட்டாங்க. தினமும் வர்றேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வா. ஆனா சும்மா சும்மா பிரேக் அடிக்காத" என்றாள். "எனக்கு அடிவயிறு தாங்காது."